கும்பகோணத்தில் எதற்கு யாரைப் பார்ப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தெருவில் யாருக்காவது மனு எழுத வேண்டுமென்றால் என்னிடம் வருவார்கள். எழுதிக் கொடுக்கும்போதே பேச்சு ஊரைப் பற்றித் திரும்பிவிடும். வருகிறவர்கள் வேறு வேறு. கேட்கிற சந்தேகங்கள் மட்டும் பெரும்பாலும் அதேதான். அவற்றைத் தொகுத்து வைத்திருக்கிறேன். கும்பகோணத்தில் பாதிப் பிரச்சினை தீராமல் கிடப்பதற்குக் காரணம், நாம் தப்பான அலுவலகத்து வாசலில் நிற்பதுதான் என்பது என் கருத்து. சரியான வாசல் எது என்று காட்டத்தான் இந்தத் தொகுப்பு.

கும்பகோணம் இப்ப நகராட்சியா, மாநகராட்சியா? பழைய ரசீதுல நகராட்சின்னு இருக்கே?

மாநகராட்சி. 1865-இல் சென்னை மாகாணத்தில் நகர மேம்பாட்டுச் சட்டம் வந்தது. அதன்படி 1866-இல் கும்பகோணம் நகராட்சி ஆனது. மாகாணத்தின் மூத்த நகராட்சிகளில் இதுவும் ஒன்று. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் அப்படியே இருந்து, 2021-இல் மாநகராட்சியாக உயர்ந்தது. தாராசுரம் பேரூராட்சியும் இதோடு சேர்ந்தது. மொத்தம் 48 வார்டுகள்.

பழைய ரசீது, பழைய பிறப்புச் சான்றிதழ் எல்லாம் செல்லும். பெயர் மாறியதற்காக எதையும் புதிதாக எடுக்க வேண்டாம். ஆனால் எல்லை விரிந்ததால் சில தெருக்களின் வார்டு எண் மாறியிருக்கிறது. மனுவில் பழைய எண்ணைப் போட்டால் அது வேறு யார் மேசைக்காவது போய்விடும். அதனால் கடைசியாக வந்த சொத்து வரி ரசீதைப் பார்த்து எண்ணை எழுதுங்கள்.

மேயரை நாம ஏன் நேரா ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கல?

சட்டம் அப்படி இருக்கிறது. நாம் வார்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறோம், அவர்கள் கூடி மேயரையும் துணை மேயரையும் தேர்ந்தெடுக்கிறார்கள். எப்போதும் இப்படித்தான் என்றும் சொல்ல முடியாது. நகராட்சித் தலைவர், மேயர் பதவிகளுக்கு 1996, 2001, 2011 தேர்தல்களில் மக்களே நேரடியாக வாக்களித்தார்கள். 2006-இல் மறைமுகத் தேர்தல். 2019-இல் மறுபடியும் மறைமுக முறைக்கு மாற்றினார்கள். 2022 தேர்தல் அந்த முறையில்தான் நடந்தது.

அப்படித்தான் ஆட்டோ ஓட்டுநரான சரவணன் கும்பகோணத்தின் முதல் மேயரானார். கூட்டணிப் பங்கீட்டில் காங்கிரசுக்கு ஒதுக்கப்பட்ட இடம் அது. நேரடித் தேர்தல்தான் நல்லது என்று பலர் வாதாடுகிறார்கள். எனக்கும் அந்தப் பக்கம்தான் சாய்வு. ஊருக்கு ஒரு முகம் வேண்டுமென்றால், அந்த முகத்தை ஊர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் மன்றத்தில் பெரும்பான்மை ஒரு கட்சிக்கும் தலைமை வேறு கட்சிக்கும் போய்விட்டால், எந்தத் தீர்மானமும் நகராது என்கிற எதிர்வாதத்தையும் ஒதுக்க முடியாது.

நடுவுல பல வருஷம் கவுன்சிலரே இல்லாம இருந்தோமே, அது எப்படி?

2011-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரி 19-ஆம் தேதிதான் நடந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுக்கும் மேலான காலத்தில் தமிழ்நாட்டின் நகரங்களைத் தனி அலுவலர்கள் நடத்தினார்கள். வழக்குகள், வார்டு மறுவரையறை, இடஒதுக்கீட்டுச் சிக்கல் என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. அரசமைப்பின் 74-ஆவது திருத்தப்படி ஒரு மன்றத்தின் ஆயுள் 5 ஆண்டு. அது முடிவதற்குள் தேர்தல் நடத்தியிருக்க வேண்டும். 1993 ஜூன் முதல் அந்தத் திருத்தம் நடைமுறையில் இருக்கிறது.

இந்த இடைவெளி நம் பழக்கத்தையே மாற்றிவிட்டது. வார்டு உறுப்பினர் என்று ஒருவர் இருக்கிறார், அவரைக் கேட்கலாம் என்ற நினைப்பே பலருக்கு விட்டுப்போனது. அந்தக் காலத்தில் 18 வயதைத் தொட்ட பிள்ளைகள் உள்ளாட்சித் தேர்தல் என்ற ஒன்றைப் பார்க்காமலே இருபதைத் தாண்டினார்கள்.

தெருவிளக்கு எரியல, சாக்கடை பொங்குது, ரோடு குழி. எல்லாத்துக்கும் மாநகராட்சிதானே?

எல்லாத்துக்கும் இல்லை. குப்பை, பாதாளச் சாக்கடை, குடிநீர், தெருவிளக்கு, உள்தெருச் சாலை, பிறப்பு இறப்புப் பதிவு, சொத்து வரி ஆகியவை மாநகராட்சி. ஊரைக் கடந்து போகும் பெரிய சாலைகள் பலவும் நெடுஞ்சாலைத் துறையுடையவை. அங்கே குழி விழுந்தால் மாநகராட்சி கையை விரிக்கும், அதில் நியாயமும் இருக்கிறது. காவிரியும் அரசலாறும் வாய்க்கால்களும் நீர்வளத் துறை. பட்டா, வாரிசுச் சான்று என்றால் வட்டாட்சியர் அலுவலகம். ரேஷன் அட்டைக்கு வட்ட வழங்கல் அலுவலர்.

தெருவிளக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் அதிகம் பேர் அலைகிறார்கள். கம்பமும் கம்பியும் மின்வாரியத்துடையது, அதில் மாட்டியிருக்கும் விளக்கு மாநகராட்சியுடையது. விளக்கு மட்டும் அணைந்திருந்தால் மாநகராட்சி. கம்பம் சாய்ந்திருந்தாலோ கம்பி தொங்கினாலோ மின்வாரியம். எதுவானாலும் மனுவில் "எங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். கம்பத்தில் பெயின்டில் ஓர் எண் எழுதியிருக்கும். பகல் வெளிச்சத்தில் அதைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, "இன்ன எண் கம்பம், இன்னார் கடைக்கு எதிரில், இன்ன தேதியிலிருந்து எரியவில்லை" என்று எழுதுங்கள். வேலைக்கு வருகிறவர் ஏணியை எங்கே சாத்துவது என்று தேடவேண்டிய நிலை வரக்கூடாது. எழுதிக் கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டு வாங்க மறக்கவே கூடாது. அந்தச் சீட்டு இல்லையென்றால் நீங்கள் மனு கொடுக்கவே இல்லை என்றுதான் அர்த்தம்.

கவுன்சிலருக்குச் சம்பளம் உண்டா? அவரைப் பார்க்கப் போனா வெறுங்கையோட போகலாமா?

சம்பளம் என்று கிடையாது, மதிப்பூதியம் உண்டு. 2023-இல் அரசு அறிவித்தபடி மாநகராட்சி மேயருக்கு மாதம் 30,000 ரூபாய், துணை மேயருக்கு 15,000, வார்டு உறுப்பினருக்கு 10,000.

வெறுங்கையோடுதான் போக வேண்டும். கையில் ஒரு மனு இருந்தால் போதும். வார்டு உறுப்பினர் உங்கள் வேலையைச் செய்து தருகிறவர் அல்ல. அதை மன்றத்தில் கேட்கிறவர், அலுவலர்களை விரட்டுகிறவர். செய்கிற அதிகாரம் ஆணையரிடமும் அவருக்குக் கீழுள்ள பொறியாளர், சுகாதார அலுவலர், வருவாய்ப் பிரிவு ஆகியோரிடமும் இருக்கிறது. ஆணையர் அரசு நியமிக்கும் அதிகாரி. இந்த வித்தியாசம் புரிந்தால், யாரிடம் எந்த அளவுக்குக் கோபப்படலாம் என்பதும் புரிந்துவிடும்.

பகுதி சபைன்னு ஒண்ணு நடக்குதாமே. அது கட்சிக் கூட்டமா?

கட்சிக் கூட்டம் இல்லை. கிராமத்தில் கிராம சபை எப்படியோ, நகரத்தில் பகுதி சபை அப்படி. ஒவ்வொரு வார்டையும் சில பகுதிகளாகப் பிரித்து, அந்தப் பகுதி வாக்காளர்கள் எல்லோரும் உட்கார்ந்து பேசுவதற்கான இடம். இதற்கான விதிகள் 2022-இல் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று மாநிலம் முழுக்க முதல் கூட்டங்கள் நடந்தன. ஆண்டுக்கு நான்கு முறை கூட வேண்டும்: ஜனவரி 26, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10.

இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். தனியாக நீங்கள் கொடுக்கும் மனு ஒரு கோப்புக்குள் போகும். பகுதி சபையில் பத்துப் பேர் எழுந்து அதே சாக்கடையைப் பற்றிப் பேசினால் அது பதிவேட்டில் ஏறும்; அடுத்த கூட்டத்தில் "போன முறை சொன்னது என்ன ஆச்சு?" என்று கேட்கலாம். பெண்கள் அதிகம் வர வேண்டும். தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை மணிக்கு நிற்கிறது, எந்த நாள் கலங்கலாக வந்தது என்பதெல்லாம் வீட்டில் குழாயடியில் நிற்கிறவர்களுக்குத்தான் துல்லியமாகத் தெரியும்.

சொத்து வரி ஏன் திடீர்னு இவ்வளவு ஏறிடுச்சு?

2022 ஏப்ரலில் மாநிலம் முழுக்க உயர்த்தினார்கள். குடியிருப்புகளில் 600 சதுர அடிக்குள் 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். சென்னை தவிர்த்த ஊர்களில் 2008-க்கு அப்புறம் பொதுச் சீராய்வே நடக்கவில்லை, மத்திய நிதிக்குழு மானியம் வேண்டுமென்றால் வரியைச் சீரமைக்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கிறது என்று அரசு விளக்கம் சொன்னது. பதினான்கு வருடம் விட்டுவிட்டு ஒரே நாளில் ஏற்றினால் வலிக்கத்தான் செய்யும்.

வரி அரையாண்டுக் கணக்கு. ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். அளவு தப்பாகப் பதிவாகியிருக்கிறது, வீட்டை வணிகக் கட்டடமாகக் காட்டியிருக்கிறார்கள் என்றால் மறு அளவீடு கேட்டு மனு கொடுங்கள். அதுவரை வரியை நிறுத்தி வைத்தால் பாக்கி ஏறும். அந்தப் பாக்கி இன்னொரு இடத்தில் காலை வாரும், அதைத் தேர்தல் கேள்வியில் சொல்கிறேன்.

நம்ம ஊர் தஞ்சாவூர் மாவட்டம். அப்புறம் எம்.பி. மட்டும் எப்படி மயிலாடுதுறை?

மாவட்டம் நிர்வாகத்துக்கானது, தொகுதி தேர்தலுக்கானது. இரண்டு கோடும் ஒரே இடத்தில் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மயிலாடுதுறை மக்களவைத் தொகுதியில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள்: சீர்காழி, மயிலாடுதுறை, பூம்புகார், திருவிடைமருதூர், கும்பகோணம், பாபநாசம். கடைசி மூன்றும் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருப்பவை. 1977-க்கு முன் கும்பகோணம் என்ற பெயரிலேயே ஒரு மக்களவைத் தொகுதி இருந்தது. 1967-இலும் 1971-இலும் இரா. செழியன் அங்கிருந்துதான் நாடாளுமன்றம் போனார்.

நடைமுறையில் இதன் விளைவு: ரயில் சம்பந்தமான கோரிக்கை என்றால் மயிலாடுதுறை எம்.பி.யிடம் போங்கள். ஆட்சியரைப் பார்க்க வேண்டுமென்றால் தஞ்சாவூர். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் அங்கேதான்.

கும்பகோணம் ஏன் இன்னும் தனி மாவட்டம் ஆகல?

இந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் ஊரில் இருக்க மாட்டார். பழைய தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து 1991-இல் நாகப்பட்டினம் பிரிந்தது. அதிலிருந்து 1997-இல் திருவாரூர் பிரிந்தது. 2020-இல் மயிலாடுதுறையும் தனி மாவட்டம் ஆனது. சுற்றியிருக்கிற ஊர்களெல்லாம் தலைநகரம் ஆகும்போது நமக்கு மட்டும் ஏன் இல்லை என்ற வருத்தம் நியாயமானது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். 1904-இல் கும்பகோணம் வங்கி என்று தொடங்கிய சிட்டி யூனியன் வங்கிக்குத் தலைமை அலுவலகம் இன்றும் இங்கேதான். அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் ஒரு கோட்டத்துக்கே இந்த ஊர்ப்பெயர். அதற்கும் தலைமையிடம் இதுதான். கத்தோலிக்க மறைமாவட்டம் 1899-இலேயே இங்கே வந்துவிட்டது. இத்தனைக்கும் தலைமையிடமாக இருக்கிற ஊரிலிருந்து, ஆட்சியரிடம் ஒரு மனு கொடுக்க ஏறக்குறைய 40 கிலோமீட்டர் போக வேண்டியிருக்கிறது. திருப்பனந்தாள் பக்கத்துக் கிராமத்தார் வரும் தூரத்தையும் சேர்த்தால் ஒரு நாள் கூலி போய்விடும். கோரிக்கைக்கு இதைவிட வலுவான வாதம் வேண்டாம். கோயில் பெருமை, பழம்பெருமை என்று பேசுவதைக் குறைத்துக்கொண்டு இந்தக் கூலிக் கணக்கை முன்னால் வைத்தால் நன்றாக இருக்கும்.

மகாமகம் வந்தா ஊருக்கு லாபமா, தொல்லையா?

இரண்டும்தான். 12 ஆண்டுக்கு ஒருமுறை, குரு சிம்ம ராசியில் இருக்கும்போது வரும் மாசி மகத்தில் நடப்பது மகாமகம். 1992, 2004, 2016-இல் நடந்தது, அடுத்தது 2028. குளத்துக்குள் 20 தீர்த்தக் கிணறுகள் உண்டு. கரையைச் சுற்றி நிற்கும் 16 மண்டபங்களைக் கட்டியவர், தஞ்சை நாயக்கர்களிடம் அமைச்சராக இருந்த கோவிந்த தீட்சிதர் என்பார்கள். மகாமகத்துக்கு மகாமகம்தான் இந்த ஊரில் சாலை, பாலம், பேருந்து நிலையம் என்று பெரிய வேலைகள் நடப்பது வழக்கம். அரசுப் பணம் மொத்தமாக வருவது அப்போதுதான்.

1992 பிப்ரவரி 18-ஐ ஊர் மறக்காது. குளக்கரை நெரிசலில் ஏறக்குறைய 50 பேர் உயிரிழந்தார்கள். அதே மாதிரி ஒரு நெரிசல் 2004-லும் 2016-லும் நேரவில்லை. தடுப்பு, நுழையும் வழி, வெளியேறும் வழி, காவலர் எண்ணிக்கை என்று திட்டமிடுவதில் கவனம் கூடியிருந்தது. வெளியூர் உறவினரிடம் நாம் செய்யக்கூடிய பெரிய உதவி, அந்த ஒரு முகூர்த்தத்துக்கே வந்து குவியாமல் விழா நாட்களில் முன்னதாகவே வந்து நீராடிப் போகச் சொல்வது. எங்கள் தெருக்காரர்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன்.

காவிரிப் படித்துறையைச் சுத்தம் பண்றது யார் வேலை?

முன்பே சொன்னபடி ஆறு நீர்வளத் துறையுடையது. ஆற்றுக்குள் கழிவுநீர் வந்தால் மாநகராட்சியும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் பதில் சொல்ல வேண்டும். கோயில் குளம் என்றால் அந்தக் கோயில் நிர்வாகம், அதாவது அறநிலையத் துறை. கரையில் கிடக்கும் குப்பையை அள்ளுவது மாநகராட்சி. ஒரே படித்துறையில் இத்தனை பேருக்குப் பொறுப்பு இருப்பதால், மனுவை ஒருவருக்கு எழுதி மற்றவர்களுக்கு நகல் போடுங்கள்.

ஆனால் ஆடிப்பெருக்குக்கு மறுநாள் காலை பகவத் படித்துறைப் பக்கம் போய்ப் பாருங்கள். பிளாஸ்டிக் பையோடு விட்ட பூ, கண்ணாடி வளையல், ஈர வேட்டி, புடவை எல்லாம் கடைசிப் படியில் சுருண்டு கிடக்கும். தண்ணீர் குறைந்த வருஷங்களில் அது நாள் கணக்கில் அங்கேயே மக்கும். காதோலை கருகமணியை ஆற்றில் விடுங்கள், பையை வீட்டுக்கு எடுத்துப் போங்கள். இதற்கு எந்தத் துறையும் வேண்டாம்.

2004 பள்ளித் தீ விபத்துக்கு அப்புறம் உண்மையிலேயே ஏதாவது மாறுச்சா?

மாறியது. 2004 ஜூலை 16, காசிராமன் தெருவில் ஒரே கட்டடத்தில் இயங்கிய பள்ளிகளில் சமையலறைக் கூரையில் பற்றிய தீ வகுப்பறைக் கீற்றுக்குத் தாவி, 94 குழந்தைகள் இறந்தார்கள். அதன்பிறகு தமிழ்நாடு முழுக்கப் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. கட்டட உறுதி, தீயணைப்பு, சுகாதாரம் ஆகியவற்றுக்கான சான்றுகள் இல்லாமல் அங்கீகாரம் புதுப்பிக்கக் கூடாது என்பதில் கண்டிப்பு வந்தது. விசாரணை ஆணையம் அமைந்தது. வழக்கின் தீர்ப்பு வரப் பத்து ஆண்டு ஆனது.

உங்கள் பிள்ளையின் பள்ளியில் அந்தச் சான்றுகளைக் காட்டச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மாடிப்படி எத்தனை, வெளியே திறக்கும் கதவு எது, அது பள்ளி நேரத்தில் பூட்டியிருக்கிறதா என்று நீங்களே நின்று பாருங்கள். சேர்க்கையின்போது கட்டணத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசுகிறோம், இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கலாம்.

தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்னு சொல்றது நாமளே வச்சுக்கிட்ட பேரா?

வெறும் ஊர்ப்பெருமை இல்லை. 1854-இல் பள்ளியாகத் தொடங்கி, 1867-இல் கல்லூரியாக வளர்ந்த அரசுக் கல்லூரிக்கு அந்தக் காலத்திலேயே ஒட்டிக்கொண்ட பெயர். அங்கே முதல்வராக இருந்த போர்ட்டர் பெயரில்தான் போர்ட்டர் டவுன் ஹால் இருக்கிறது.

கணிதமேதை ராமானுஜன் டவுன் ஹைஸ்கூலில் படித்துவிட்டு 1904-இல் உதவித்தொகையோடு இந்தக் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் தேறாததால் உதவித்தொகை போனது, படிப்பும் நின்றது. பத்து ஆண்டு கழித்து 1914-இல் அவர் உண்மையான கேம்பிரிட்ஜுக்கே போனார். சாரங்கபாணி சன்னதித் தெருவில் அவர் வாழ்ந்த வீட்டைச் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் பராமரிக்கிறது. ஊர்ப் பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துப் போய்க் காட்டுங்கள். ஒரு பாடத்தில் தோற்றதற்காக வீட்டில் திட்டு வாங்கிய பிள்ளையை முதலில் அழைத்துப் போங்கள்.

சுவாமிமலை, திருபுவனம் எல்லாம் கும்பகோணம்தானே? அங்க ரோடு போட நம்ம மேயரைக் கேட்கலாமா?

கேட்க முடியாது. ஐம்பொன் சிலைக்குச் சுவாமிமலையும் பட்டுக்குத் திருபுவனமும் பெயர் போனவை. வெளியூர்க்காரர் எல்லாவற்றையும் கும்பகோணம் என்றுதான் சொல்வார். ஆனால் இரண்டும் தனிப் பேரூராட்சிகள். அவற்றுக்குத் தனி மன்றம், தனி வரி, தனிச் செயல் அலுவலர். 2025-இல் புவிசார் குறியீடு பெற்ற கும்பகோணம் வெற்றிலையும் இப்படித்தான்: கொடிக்கால்கள் இருப்பது பெரும்பாலும் ராஜகிரி, பண்டாரவாடை, அய்யம்பேட்டை மாதிரி ஊர்களில்.

நான் தேர்தல்ல நிக்கணும்னா என்ன வேணும்? என் வார்டுலதான் நிக்கணுமா?

21 வயது நிரம்பியிருக்க வேண்டும், மாநகராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். ஊரில் எந்த வார்டிலும் நிற்கலாம். அந்த வார்டு உங்கள் பிரிவுக்கு ஒதுக்கப்பட்டதா என்பதை மட்டும் பாருங்கள். இடங்களில் பாதி பெண்களுக்கு. சொத்து வரிக் கேள்வியில் சொன்ன பாக்கி இங்கேதான் வரும்: நோட்டீஸ் வந்தும் கட்டாமல் விட்ட பாக்கி இருந்தால் வேட்பு மனு தள்ளுபடி ஆகலாம்.

எங்க கவுன்சிலர் வேற கட்சி. நான் யாருன்னு அவருக்குத் தெரியும். என் மனு எடுபடுமா?

உள்ளூரில் இந்தத் தயக்கம் இயல்பு. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அதனால்தான் பகுதி சபைக்குத் தனியாகப் போகாமல் தெருவோடு போகச் சொல்கிறேன். கையெழுத்து பத்து வீட்டுடையதாக இருந்தால் கட்சி பின்னால் போய்விடும்.

அதுவும் நடக்கவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள். "இன்ன தேதியில் இன்ன ஒப்புகை எண்ணில் கொடுத்த என் மனுவின் மீது எடுத்த நடவடிக்கையின் நகல் வேண்டும்" என்று கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். வேறு துறையின் விஷயம் என்றால், வாங்கிய அலுவலகமே 5 நாளுக்குள் அதைச் சரியான துறைக்கு அனுப்பிவிட்டு உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். பதில் வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு அடுத்த மனு. ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.